பிரேக்கில் 'காற்று ஏறிடுச்சு' என்றால் என்ன? லைனையும் கேலிப்பரையும் கழற்றும் முன் கொஞ்சம் பேசலாம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே சனிக்கிழமை காலையானால் யாராவது ஒருவர் காடியின் முன் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். சுற்றி நாலு பேர் நின்று யோசனை சொல்வார்கள். "மாசுக் ஆங்கின், காற்று ஏறிடுச்சு அண்ணே, எண்ணெய் ஊத்துங்க, சரியாயிடும்" என்பார் ஒருவர். "பம்ப் போயிடுச்சு" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கைப்பேசியில் ஏதோ அமெரிக்கக் காணொளியைக் காட்டி, "லைன் மொத்தத்தையும் மாத்தணும், பாருங்க எப்படித் துரு பிடிச்சிருக்கு" என்பார். அதில் துருப்பிடித்திருப்பது அந்த ஊர்க்காரன் காடி. நம் அண்ணனின் மைவி காடியில் லைன் பளபளவென்று இருக்கும்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்கிற ஒரு விஷயம் மனதில் படிந்துவிட்டால், எதை வீட்டில் கழற்றலாம், எதை போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், விட வேண்டும், கழற்றினால் எதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். நான் போமன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சொந்தக் காடியை நோண்டி, சில தடவை அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டவன்.

பங்குஸ் கட்டிய தே ஓ

மாமாக் கடையில் தே ஓ பங்குஸ் வாங்கியிருப்பீர்கள், பாலில்லாத தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது. காற்றே இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக்கிக் கட்டிய பொட்டலத்தை ஒரு மூலையில் விரலால் அழுத்துங்கள், பை முழுவதும் ஒரே மாதிரி விறைக்கும். அழுத்திய இடத்தில் மட்டும் விறைத்து மற்ற இடம் தொளதொளவென்று இருக்காது. மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தின் மேல் எங்கே அழுத்தினாலும் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதி இது, பள்ளியில் படித்து மறந்திருப்போம்.

காடியின் பிரேக்கும் அந்தப் பொட்டலம்தான், நீளமாக இழுத்து நான்கு சக்கரத்துக்கும் கிளை பிரித்தது. கால் மிதிக்கு அருகில், எஞ்சின் பக்கம், ஒரு உருளையும் அதற்குள் ஓடும் தண்டும் இருக்கும். அதற்கு மாஸ்டர் பம்ப் என்று பெயர். அங்கே அழுத்தினால் எண்ணெய் வழியாகச் சக்கரங்களில் இருக்கும் உருளைகள் விறைக்கும். எண்ணெயைக் கொண்டுபோகும் குழாய்தான் பிரேக் லைன். அதில் இரண்டு வகை: உடம்போடு ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று, சக்கரம் திரும்பி மேலும் கீழும் ஆடும் இடத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ் இன்னொன்று.

ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் அங்கே 'ஓடிப் போய்' வேலை செய்வதில்லை. இன்ஜின் எண்ணெய் மாதிரி சுற்றி வருவதும் இல்லை, வழுக்கிக் கொடுக்க ஊற்றியதும் இல்லை. அது ஒரு நீளமான, வளையக்கூடிய தடி. ஒரு முனையில் தள்ளினால் மறு முனை நகரும், அவ்வளவுதான்.

கால் 20 கிலோ, சக்கரம் 650 கிலோ

கால் பலம் எப்படி ஒரு டன் காடியை நிறுத்துகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை.

மிதியில் 20 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்துகிறீர்கள். மிதி ஒரு நெம்புகோல், ஏறக்குறைய ஐந்து மடங்காக்கும், ஆக 100 கிலோ. மாஸ்டர் பம்பின் தண்டு முகப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்றால், எண்ணெய்க்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 33 கிலோ அழுத்தம். முன் சக்கரத்தில் இருக்கும் தண்டின் முகப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், 33ஐ 20ஆல் பெருக்குங்கள், 650 கிலோவுக்கு மேல் வரும். எஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கொண்டு மிதிக்குத் துணைபோகும் பூஸ்டர் என்கிற பெரிய வட்டத் தகரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. உயிருக்குப் பயந்து மிதிக்கும் நேரத்தில் லைனுக்குள் 70, 80 பார், சில சமயம் அதற்கு மேலும் அழுத்தம் ஏறும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ). டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான்.

இந்தப் பெருக்கம் சும்மா வராது. தூரத்தைக் கொடுத்துத்தான் பலத்தை வாங்குகிறோம். மேலே சொன்ன கணக்கில் சக்கரத்துத் தண்டு 1 மில்லிமீட்டர் நகர, மாஸ்டர் பம்ப் தண்டு ஆறேழு மில்லிமீட்டர் நகர வேண்டும். அது மொத்தமாகவே 30 மில்லிமீட்டர்தான் நகரும் என்று வைத்தால், ஒரு முழு மிதிக்கு அது தள்ளும் எண்ணெய் 9 மில்லி, இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவு.

நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110இல் போகிறோம், நிறுத்தப்போவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய்.

அப்போ காற்று ஏறினால்?

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு எடுத்து, அதில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். கல் மாதிரி நிற்கும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் காற்றை வைத்து அதையே செய்யுங்கள், மெத்தென்று பாதி தூரம் உள்ளே போகும். திரவம் அழுங்காது, காற்று அழுங்கும். 'காற்று ஏறிடுச்சு' என்பதன் முழுப் பொருளும் இதுதான். மலாயில் வயிற்று உப்புசத்துக்கும் 'மாசுக் ஆங்கின்' என்பார்கள், பிரேக்குக்கும் அந்தச் சொல் நன்றாகத்தான் பொருந்துகிறது.

லைனுக்குள் 3 மில்லி காற்று மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். முப்பது பார் அழுத்தத்தில் அது முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது நம்மிடம் இருந்த 9 மில்லியில் மூன்றில் ஒரு பங்கு, காற்றைக் கசக்குவதிலேயே தீர்ந்தது. மிதி பஞ்சு மாதிரி இறங்கும், காடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

எண்ணெய் ஊற்றினால் சரியாகுமா? ஆகாது. ஊற்றுகிற எண்ணெய் மேலே தொட்டியில் நிற்கும், காற்று கீழே லைனில் இருக்கும். தொட்டியில் எண்ணெய் ஏன் குறைந்தது என்று கேட்பதுதான் முதல் வேலை. சக்கரத் தட்டை உரசி நிறுத்தும் பிரேக் கட்டை தேயத் தேயச் சக்கரத்துத் தண்டு வெளியே நகர்ந்து, அந்த இடத்தை எண்ணெய் நிரப்பும், அதனால் அளவு மெதுவாக இறங்குவது இயல்பு. சட்டென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டுக்கும் ஊற்றுவது மருந்தில்லை.

இதுவரை சொன்னது: பிரேக் எண்ணெய் ஒரு தடி, அது அழுங்காத வரைக்கும்தான் பிரேக். கீழே வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

கெந்திங்கிலிருந்து இறங்கும்போது மட்டும் வரும் வியாதி

ஒரு வினோதமான புகார் உண்டு. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது மிதி தரையைத் தொட்டது, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கெட்டியாகிவிட்டது, மறுநாள் வொர்க்‌ஷாப்பில் காட்டினால் 'ஒண்ணும் இல்லையே' என்கிறார்கள். பொய்யும் இல்லை, பேயும் இல்லை. எண்ணெய் கொதித்திருக்கிறது.

சாதாரண பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட. டாட் என்பது பிரேக் எண்ணெயின் தர வகை. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205இலிருந்து 140க்கு. இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கைப் பிடித்தபடி வந்தால் சூடு கட்டையிலிருந்து எண்ணெய்க்கு ஏறும், எண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி விடும், ஆவியும் காற்று மாதிரி அழுங்கும். ஆறினால் ஆவி திரும்ப நீராகிவிடும். அதனால்தான் போமனுக்குத் தடயம் கிடைப்பதில்லை. ஆனால் சூட்டில் மிதி கெட்டியாகவே இருந்து காடி மட்டும் வழுக்கினால் அது வேறு, கட்டை சூடேறிப் பிடிமானம் இழந்தது.

கோலாலம்பூரில் வருடம் முழுக்கக் காற்றே ஈரம்தான். எண்ணெயைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், உங்கள் காடியின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியருக்கு மாற்றி எஞ்சினைப் பிடிக்கவிடுங்கள், ஆட்டோ கியர் காடியாக இருந்தாலும் அந்த வசதி இருக்கிறது, யாரும்தான் தொடுவதில்லை.

டாட் எண்ணில் ஒரு குழப்பம். டாட் 3, 4, 5.1 எல்லாம் ஒரே இனம். டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது. எண் பெரியது என்று அதை வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

நம் ஊரில் கெடுவது இரும்பா, ரப்பரா?

குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்கள். அது அடியில் ஒட்டி இரும்பு லைனை அரித்துத் தின்றுவிடும். காணொளிகளில் அந்த ஆட்கள் லைன் முழுக்க மாற்றுவதற்கு அதுதான் காரணம். இங்கே உப்பு இல்லை. கடலோரத்துக் காடி, வெள்ளத்தில் நின்ற காடி, அடிபட்டு நசுங்கிய லைன் இவற்றைத் தவிர்த்தால், இரும்புக் குழாய்க்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை.

இங்கே வயதாவது ரப்பர் ஹோஸ். வெயிலும் சூடும் படப்பட வெளித்தோல் வெடிக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும், அழுத்தத்தில் ஒரு இடம் மட்டும் உப்பும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாத ஒன்று உண்டு, அதுதான் ஆளை ஏமாற்றுவது. சில சமயம் உள்தோல் உரிந்து கதவு மாதிரி தொங்கும். மிதித்தால் எண்ணெய் தள்ளிக்கொண்டு போய்விடும், காலை எடுத்தால் அந்தத் தோல் வழியை அடைத்துக்கொள்ளும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். காடி ஒரு பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் சுடும், கருகிய வாடை வரும். பலர் கட்டைகளைத் தட்டில் அழுத்தும் கேலிப்பரைக் குறை சொல்லி அதை மாற்றிவிட்டு, பிறகும் அதே கதை என்று தலையில் கை வைப்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காடியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் இறுகியிருக்கும்போது கேலிப்பரின் தலையில் இருக்கும் ப்ளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் சிறு குமிழ்த் திருகு அது. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் சட்டென்று விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது, பெரும்பாலும் ஹோஸ்தான் குற்றவாளி. அப்படியும் இறுக்கமாகவே இருந்தால் கேலிப்பர் பக்கம் பாருங்கள்.

கேலிப்பர் என்கிற இடுக்கி

சைக்கிள் பிரேக் சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வுமே, அதே வேலை. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு கட்டைகளால் கவ்வும் இடுக்கிதான் கேலிப்பர். நம் சின்னக் காடிகளில் இருப்பது மிதவை வகை. தண்டு ஒரு பக்கம் மட்டும்தான். அது உள்கட்டையைத் தள்ளும், எதிர்விசையில் கேலிப்பர் உடம்பே நகர்ந்து வெளிக்கட்டையை இழுத்து அழுத்தும். உடம்பு நகர வேண்டுமானால் அது இரண்டு வழுக்கு ஊசிகளின் மேல் சறுக்க வேண்டும். மழைத் தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து, அந்த ஊசி இறுகிவிட்டால் ஒரு கட்டை தேய்ந்து இரும்பு தெரியும், மற்றது புதிதாகவே இருக்கும். திடீர் வெள்ளத்தில் சக்கரம் முழுக நின்ற காடிகளை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

காலை எடுத்ததும் தண்டு எப்படிப் பின்வாங்குகிறது? உள்ளே ஸ்பிரிங் இருக்கும் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. தண்டைச் சுற்றிச் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. தண்டு முன்னே போகும்போது வளையம் முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் நிமிர்ந்து தண்டை மயிரிழை அளவு பின்னே இழுக்கும். கட்டை தேய்ந்தால் தண்டு வளையத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழுக்கிப் புது இடத்தில் நிற்கும். ஒரு ரப்பர் வளையம், இரண்டு வேலை. சாதாரண கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ அந்த ரப்பரில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும், பிரேக்குக்கென்று இருக்கும் கிரீஸ்தான்.

இதுவரை: ஒரு பக்கம் பிடித்தால் ஹோஸ், வழுக்கு ஊசி, தண்டு என்று மூன்று சந்தேகம். கேலிப்பரைத் தூக்கிப் போடுவது கடைசிதான்.

கழற்றுவது

கட்டை மாற்ற மட்டும் கேலிப்பரைக் கழற்றுகிறீர்கள் என்றால் எண்ணெய் வழியைத் திறக்கவே வேண்டாம், ஆகவே காற்றும் ஏறாது. சமதரையில் காடியை நிறுத்தி, எதிர்ச் சக்கரம் உருளாமல் மரக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியதும் தாங்குகால் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பில் எந்த உறுப்பையும் அடியில் நீட்டாதீர்கள், இதில் எனக்குச் சமரசம் கிடையாது. பின்பக்கம் இருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றினால் கேலிப்பர் கையோடு வரும். அதைக் கம்பி போட்டுக் காடியின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் மாட்டுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால், மேலே சொன்ன உள்தோல் வியாதியை நீங்களே விலைகொடுத்து வாங்குகிறீர்கள். புதுக் கட்டை தடிமன் என்பதால் தண்டை உள்ளே தள்ள வேண்டும். முன்பக்கம் இடுக்கிக் கருவியால் மெதுவாகத் தள்ளலாம், தள்ளும்போது மேலே தொட்டி வழிகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். பின் சக்கரத்தில் கைபிரேக்கும் சேர்ந்திருக்கும் கேலிப்பர் என்றால் சிலவற்றில் தண்டைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சாரக் கைபிரேக் இருந்தால் கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஹோஸ் மாற்றுவதோ கேலிப்பரையே மாற்றுவதோ வேறு விளையாட்டு. இப்போது வழியைத் திறக்கிறீர்கள். ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில் இருக்கும் மரை மெல்லியது, சாதாரண ஸ்பானர் அதன் மூலையை உருட்டிவிடும். பிரேக் மரைக்கென்று ஐந்து பக்கம் பிடிக்கும் ஸ்பானர் உண்டு, அதை வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். கேலிப்பர் பக்கம் ஓட்டைப் போல்ட்டின் இரு புறமும் ஒவ்வொரு செப்பு வாஷர் இருக்கும், நசுங்கித்தான் அடைப்புக் கொடுக்கும், ஆகவே இரண்டையும் புதிதாகப் போடுங்கள். சில காசு மிச்சம் பிடிக்கப் போய்ச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஹோஸ் முறுகாமல் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் பெயின்ட்டில் பட்டால் தோலை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இரும்புக் குழாயை வெட்டி முனையை விரித்து மடக்குவதை மட்டும் வீட்டில் வேண்டாம் என்பேன். அந்த மடிப்பு 80 பாருக்கு மேலும் தாங்க வேண்டும், ஒழுங்கான கருவியும் பழகிய கையும் தேவை.

காற்றை வெளியே விரட்டுவது

வழியைத் திறந்தால் காற்று ஏறியிருக்கும், அதைத் துரத்தும் வேலைக்கு ப்ளீடிங் என்று பெயர். இரண்டு பேர் வேண்டும். நான் தம்பியை மிதியில் உட்கார வைப்பேன். ப்ளீடர் திருகில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும் போத்தலில் முக்குங்கள். "மிதி" என்றால் அவன் மிதித்துப் பிடிக்க வேண்டும், நீங்கள் திருகைத் திறக்க, மிதி இறங்கும், குமிழி வரும். திருகை மூடிய பிறகுதான் "விடு". வரிசை மாறி அவன் முதலில் காலை எடுத்தால் வெளியே இருக்கும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், திரும்ப முதலிலிருந்து. குமிழி நிற்கும்வரை செய்யுங்கள், நடுநடுவே தொட்டியை நிரப்புங்கள். தொட்டி காலியானால் காற்று ஏபிஎஸ் பெட்டிவரை போய்விடும், சக்கரம் வழுக்கும்போது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் சாதனம் அது. அதற்குள் புகுந்த காற்றை எடுக்கப் பல காடிகளில் கணினிக் கருவி வேண்டும். பழைய காடி என்றால் மிதிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பேன். என்றைக்கும் போகாத ஆழத்துக்கு மாஸ்டர் பம்ப் தண்டு போனால், அங்கே படிந்திருக்கும் துரு அதன் ரப்பரைக் கிழிக்கும்.

எவ்வளவு செய்தும் மிதி பஞ்சாகவே இருந்தால் ப்ளீடர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்று மேலே நிற்கும் என்பதால் ப்ளீடர் கேலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றி மாட்டினால் அது கீழே வந்துவிடும். பழைய காடி உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் ஜோடியாக வாங்கி வந்து மாற்றி மாட்டிவிட்டு, இரண்டு போத்தல் எண்ணெயைத் தீர்த்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுக்கு. கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள், பிறகு தாமான் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று. பழைய எண்ணெயை லொங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாமல் போத்தலில் அடைத்து வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கட்டை மட்டும் மாற்றியிருந்தாலும், காடியை நகர்த்தும் முன் மிதியைப் பல தடவை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். உள்ளே தள்ளிய தண்டு கட்டையைத் தொட அத்தனை மிதி பிடிக்கும், முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். முதன்முறை கட்டை மாற்றியபோது எனக்கு இது தெரியாது. கெப்போங்கில் அம்மா வீட்டுப் போர்ச்சில் இருந்து பின்னால் எடுத்தேன், மிதித்தேன், ஒன்றும் இல்லை, அவருடைய செம்பருத்தித் தொட்டிகள் இரண்டும் காலி. இன்றைக்கும் நான் அங்கே சக்கரத்தைக் கழற்றினால், "மிதிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா மிச்சத் தொட்டிகளை வீட்டுக்குள் தூக்கிவைக்கிறார்.